‘எல்லோருக்கும்’ என்றால் யாருக்கு?

1992 டிசம்பர் 10. சிட்னி நகரத்தில் ரெட்ஃபெர்ன் என்கிற பகுதி. அங்கிருக்கும் பூங்காவில், பூர்வகுடி மக்கள் திரண்டிருந்த கூட்டத்துக்கு முன்னால் ஆஸ்திரேலியப் பிரதமர் பால் கீட்டிங் பேசினார். நிலத்தைப் பிடுங்கியதும், கொலை செய்ததும், பிள்ளைகளைத் தாய்மாரிடமிருந்து பறித்ததும் வெள்ளையர்களாகிய நாங்கள்தான் என்று ஒத்துக்கொண்ட பேச்சு. இங்கே அப்போது பாபர் மசூதியை இடித்து நாலே நாள் ஆகியிருந்தது. (அந்த டிசம்பர் 6 அம்பேத்கர் நினைவு நாள் என்பது நம்மைத் தவிர யாருக்கு உறைத்தது?) எனக்கு விவரம் தெரியாத வயசு. ரொம்ப நாள் கழித்து அந்தப் பேச்சைப் படித்தபோது, எந்த இடத்தில் நின்று பேசினார் என்று தேடிப் போனேன். பூங்காவை ஒட்டி ஒரு ரக்பி மைதானம் இருந்தது. அதிலிருந்துதான் இந்தக் கட்டுரை. நான் சிட்னிக்குப் போனவன் இல்லை.

ரெட்ஃபெர்ன் ஓவல் என்று பேர். 1908-இல் தொடங்கிய சௌத் சிட்னி கிளப்புக்கு 1948 முதல் 1987 வரை அதுதான் சொந்த மைதானம். பக்கத்துக்குப் பதிமூன்று பேர் ஆடும் ரக்பி லீக், பாட்டாளிகளின் ஆட்டம். பக்கத்து ரயில்வே பட்டறையில் இரும்படித்தவர்களும், கிராமத்திலிருந்து பிழைக்க வந்த பூர்வகுடிகளும் ஒரே மரப்படியில் உட்கார்ந்து கத்தியிருக்கிறார்கள். பூர்வகுடி ஆட்டக்காரர் எரிக் சிம்ஸ் ஆட்டத்துக்கு நடுவிலேயே பந்தை உதைத்துக் கம்பத்துக்கு மேலே அனுப்பி அனுப்பிப் புள்ளி சேர்த்தார். 1971-இல் அந்த உதைக்கான புள்ளியை இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைத்துவிட்டார்கள். காரணம் இனவெறி என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் படித்ததும் சிரிப்பு வந்தது. நம்ம ஆள் நல்லா ஆடினா விதியை மாத்துறது ஒண்ணும் புதுசில்லையே!

1988-லிருந்து கிளப் வேறு ஸ்டேடியத்துக்குப் போய்விட்டது. மைதானம் கிழடு தட்டிப்போனது. 2000-களின் பிற்பகுதியில் சிட்னி மாநகராட்சி அதைக் கையில் எடுத்தது. பழைய கேலரியை இடித்தார்கள். பூங்காவையும் மைதானத்தையும் பிரித்து வைத்திருந்த அடைப்பை எடுத்தார்கள். கிளப் பயிற்சி செய்யலாம், மற்ற நேரத்தில் மக்கள் புழங்கலாம் என்று ஆக்கினார்கள். பூங்காவில் குழந்தைகள் விளையாடும் இடத்தைப் பூர்வகுடிக் கலைஞர் ஃபியோனா ஃபோலி உருவாக்கினார். அந்தப் படைப்புக்கு அவர் வைத்த பேர் ‘பைபிள்களும் தோட்டாக்களும்’. குழந்தைகள் விளையாடுற இடத்துக்கு இப்படி ஒரு பேர் வைக்க எவ்வளவு நெஞ்சழுத்தம் வேணும்!

இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. டிக்கெட் இல்லாமல், யாருடைய முகத்தையும் பார்க்காமல் ஒரு பிள்ளை உள்ளே ஓடலாம். இதை நான் லேசாக நினைக்க மாட்டேன். எந்தத் தெருவில் செருப்போடு நடக்கலாம் என்று கணக்குப் பார்த்து வளர்ந்தவன் அப்படி நினைக்க முடியாது.

ஆனால் நடந்து போகிற தூரத்தில் ‘பிளாக்’ என்று ஒரு குடியிருப்பு இருந்தது. 1973-இல் விட்லம் அரசு கொடுத்த பணத்தில் பூர்வகுடி வீட்டுவசதி அமைப்பு அந்த வீடுகளை வாங்கத் தொடங்கியது. போதையும் போலீசும் சேர்ந்து அதைச் சீரழித்தன. 2011-க்குள் கடைசிக் குடும்பங்களும் வெளியேறின, வீடுகள் இடிபட்டன. காலி செய்ய வைத்தது பூர்வகுடிகளின் சொந்த அமைப்புதான் என்பதையும் மறைக்கக் கூடாது. வியாபாரக் கட்டடங்கள் முதலில், வீடுகள் அப்புறம் என்று திட்டம் போனபோது, 2014-இல் ஜென்னி மன்ரோ என்ற மூத்த பெண்மணியோடு மக்கள் அங்கே கூடாரம் அடித்து உட்கார்ந்தார்கள். ஓராண்டுக்கு மேல் உட்கார்ந்த பிறகே 62 வீடுகளுக்கு வழி பிறந்தது. கூடவே மாணவர்கள் தங்க 24 மாடிக் கட்டடமும் எழுந்தது. சுற்றிலும் வாடகை ஏறி, ஏற்கெனவே பல குடும்பங்கள் தூரமாய்ப் போய்விட்டன.

எனக்குள்ள கேள்வி இதுதான். அடைப்பு இருந்த காலத்தில் அந்த மக்கள் பக்கத்தில் இருந்தார்கள். அடைப்பை எடுத்த காலத்தில் அவர்களில் பலரால் அங்கே குடியிருக்க முடியவில்லை. அப்படியானால் மைதானம் யாருக்குத் திறந்தது? மாநகராட்சியைக் கேட்டால், எல்லோருக்கும் என்று நேர்மையாகவே சொல்லும். பொய்யும் இல்லை.

நமக்கு நுழைவு என்பதே பெரிய போராட்டம். மகாட் நகராட்சி சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதாக 1924-இல் தீர்மானம் போட்டது. தீர்மானம் தாளில் இருந்தது. 1927 மார்ச் 20-இல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு போய்த் தண்ணீரை அள்ளிக் குடித்தபோதுதான் அது குளமானது. அதனால் கதவு திறந்தால் போதும், ஜெயித்துவிட்டோம் என்று நினைக்கப் பழகிவிட்டோம். கதவை எப்போது திறப்பது, எதை இடிப்பது, யாரைப் பக்கத்தில் குடிவைப்பது என்று தீர்மானிக்கிற மேசை வேறு எங்கோ இருக்கிறது. எம்.ஏ. வகுப்பில் மன்றம், பொதியில் என்று சங்க காலத்துப் பொது இடங்களைப் பேராசிரியர் மணிக்கணக்காக விளக்கினார். அங்கே புலையர் எங்கே நின்றார்கள் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

போன மாதம் எங்க சேரிப் பையன்கள் வந்தாங்க. சுடுகாட்டுப் பாதை ஓரத்துப் புறம்போக்கில் முள் வெட்டி, மேடு தட்டி, அவங்களே உண்டாக்கின கபடித் தரை ஒண்ணு இருக்கு. அதை விளையாட்டுத் திடலாக்கித் தரச் சொல்லி மனு எழுதணும். ‘‘அண்ணே, நல்ல தமிழ்ல எழுதிக் குடுங்க’’ன்னாங்க. ‘ஊர் மக்கள் அனைவருக்கும் பொதுவான’ என்று கை தானாக எழுதிவிட்டது. அப்புறம் அடித்தேன்.

‘‘ஏண்ணே அடிச்சீங்க? பொதுன்னு போட்டாத்தானே பணம் ஒதுக்குவாங்க?’’ என்றான் ஒருத்தன்.

‘‘ஒதுக்கின பிறகு, சாவி யார்கிட்ட இருக்கும்?’’

ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. மனு இன்னும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி உட்காருகிறோம். இந்தத் தடவை பெண் பிள்ளைகளையும் வரச் சொல்லியிருக்கிறோம். அந்தத் தரையில் அவர்கள் இதுவரை ஆடியதே இல்லை.