விலை தீர்ந்தது, பொறுப்பு தீர்ந்ததா?

கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் 'குப்பை' என்னும் சொல் இழிவான பொருளில் மட்டும் வழங்கியதன்று. "காட்டுக்குக் குப்பை அடிக்கிறோம்" என்று ஒரு குடியானவர் சொன்னால், சாணமும் சாம்பலும் தழையும் சேர்ந்து மக்கிய எருவை வண்டியில் ஏற்றி நிலத்துக்குக் கொண்டு செல்கிறார் என்று பொருள். அறுவடை முடிந்த நிலத்தில் ஆட்டுப்பட்டி போடச் சொல்லி, அதற்காக ஆட்டுக்காரருக்குத் தானியமோ பணமோ கொடுப்பதும் இங்கே நெடுநாள் வழக்கம். ஆடுகள் இரவெல்லாம் அடைந்து கிடக்கும் நிலம் உரம் பெறுகிறது. ஆட்டுக்காரர் கூலி பெறுகிறார். இருவருக்கும் மனக்குறை இல்லை. கழிவு ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறுவதில் இயல்பாகவே அறக்கேடு எதுவும் இல்லை என்பதற்கு இந்தப் பட்டியே சான்று.

இன்றைய கொங்கு மண்டலத் தொழில்களும் இதற்குச் சான்று கூறும். திருப்பூர்ப் பின்னலாடைக் கூடங்களில் வெட்டி மிஞ்சிய துணித்துண்டுகள் 'பனியன் வேஸ்ட்' என்ற பெயரில் எடை போட்டு விற்கப்படுகின்றன. நூற்பாலைகளில் ஒதுக்கப்படும் கழிவுப்பஞ்சு, ஓ.இ. ஆலைகளில் மீண்டும் நூலாகிப் போர்வையாகவும் துண்டாகவும் கையுறையாகவும் உருமாறுகிறது. கோவையின் வார்ப்பாலைகள் பழைய இரும்பை உருக்கி மோட்டார் பம்புகளுக்கு உடல் வார்க்கின்றன. காகித ஆலைகள் பழைய தாளைக் கூழாக்கி அட்டைப் பெட்டி செய்கின்றன. உள்நாட்டில் சேரும் பழைய தாள் போதாமையால், கடல் கடந்தும் அது கொள்கலன்களில் துறைமுகங்களுக்கு வந்து இறங்குகிறது. ஒருவர் வேண்டாமென்று விட்டதை மற்றொருவர் தம் உழைப்பால் வேண்டும் பொருளாக்குவது கண்ணியமான தொழிலே. அதனால் வாழும் குடும்பங்கள் பல. ஆகவே, கழிவு வாணிகம் முழுவதையும் பழித்துப் பேசுவது நம் நோக்கமன்று.

ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. ஆட்டுக்காரர் பெறும் கூலியும், செல்வ நாடு ஒன்று தன் கழிவைப் பெற்றுக்கொள்ளும் ஏழை நாட்டுக்குத் தரும் பணமும் ஒரே தன்மையுடையவையா? விலை கொடுத்தாயிற்று, ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று என்பதால், எறிந்தவருடைய பொறுப்பு அங்கேயே தீர்ந்துவிடுகிறதா?

முதலில் பொய்யின் கதை ஒன்றைப் பார்ப்போம். 1986ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம், தன் குப்பையை எரித்ததால் சேர்ந்த சாம்பலை 'கியான் சீ' என்னும் கப்பலில் ஏற்றி அனுப்பியது. ஏறத்தாழ 14,000 டன் சாம்பலுடன் அக்கப்பல் நாடு நாடாக அலைந்தது. ஏற்றுக்கொள்வாரில்லை. இறுதியில், மிக வறிய நாடாகிய ஹெயிட்டியின் கொனாயீவ் நகருக்கருகே சுமார் 4,000 டன் சாம்பல் கடற்கரையில் கொட்டப்பட்டது. எஞ்சியது கடலில் கலந்தது. ஹெயிட்டியில் அதை இறக்குவதற்காகச் சொல்லப்பட்ட பெயர் என்ன தெரியுமா? உரம்! நம் உழவர் குப்பை என்ற பெயரில் உரத்தைக் கொண்டு செல்கிறார். அவர்களோ உரம் என்ற பெயரில் நஞ்சு கலந்த சாம்பலைக் கொண்டு சென்றார்கள். பல்லாண்டுப் போராட்டத்துக்குப் பின்னர், 2002ஆம் ஆண்டிலேதான் அந்தச் சாம்பலில் ஒரு பகுதி பென்சில்வேனியா மாநிலத்துக்கே திரும்பிச் சென்று புதைக்கப்பட்டது.

இத்தகைய நிகழ்ச்சிகள் உலகின் மனச்சான்றை உறுத்தியதன் பயனாக, 1989ஆம் ஆண்டு பாசல் உடன்படிக்கை உருவாயிற்று. 1992இல் அது நடைமுறைக்கு வந்தது. இந்தியாவும் அவ்வாண்டிலேயே அதில் இணைந்தது. பெறும் நாட்டின் முன் ஒப்புதல் இன்றித் தீங்கான கழிவை அனுப்பலாகாது என்பது அதன் அடிப்படை. அமெரிக்கா அதில் கையொப்பமிட்டதேயன்றி, இதுவரை உறுதி செய்யவில்லை. நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி, கொட்டி ஒழிப்பதற்காக எந்தத் தீங்கான கழிவையும் இறக்குமதி செய்யக்கூடாது. மறுசுழற்சிக்கும் மறுபயன்பாட்டுக்கும் மட்டுமே இடமுண்டு. ஆனால் அந்த 'மறுசுழற்சி' என்னும் சொல்லே சில வேளை முகமூடியாகிவிடுகிறது. பக்கத்து நாடாகிய இலங்கைக்கு 2017 முதல் 2019 வரை பிரிட்டனிலிருந்து நூற்றுக்கணக்கான கொள்கலன்கள் வந்தன. பழைய மெத்தைகளும் விரிப்புகளும் மறுசுழற்சிக்காக வருகின்றன என்றன ஆவணங்கள். திறந்து பார்த்தபோது மருத்துவமனைக் கழிவும் உள்ளே கிடந்தது. அந்நாட்டு நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பின், மொத்தம் 263 கொள்கலன்கள் திருப்பி அனுப்பப்பட்டன. கடைசிக் கொள்கலன் கொழும்பை விட்டுப் புறப்பட்டது 2022ஆம் ஆண்டு பிப்ரவரியில்.

பொய்யைக் கண்டு வெகுளுவது எளிது. பொய்யே இல்லாத இடத்தில்தான் அறத்தின் கேள்வி கடினமாகிறது. 1991ஆம் ஆண்டு டிசம்பரில் உலக வங்கியின் தலைமைப் பொருளியலறிஞராயிருந்த லாரன்ஸ் சம்மர்ஸ் கையெழுத்திட்ட உள்சுற்றுக் குறிப்பு ஒன்று வெளியே கசிந்தது. நச்சுக் கழிவை மிகக் குறைந்த கூலியுள்ள நாட்டில் கொட்டுவதற்குப் பின்னாலுள்ள பொருளியல் தருக்கம் குற்றமற்றது என்னும் கருத்து அதில் இருந்தது. நோயினால் இழக்கப்படும் வருமானத்தைக் கொண்டு கேட்டை அளந்தால், வருமானம் குறைந்தவர்களிடையேதான் இழப்பு குறைவாக இருக்கும் என்பது அதன் கணக்கு. அது எள்ளலாக எழுதப்பட்டது என்று பின்னர் விளக்கம் தரப்பட்டது. எள்ளலாகவே இருக்கட்டும். அந்தக் கணக்கை உலகச் சந்தை எள்ளல் இல்லாமலே நாள்தோறும் போட்டு வருகிறதே! குப்பை எப்போதும் விலை குறைந்த நிலத்தையும், குரல் குறைந்த மக்களையும் நோக்கியே ஓடுகிறது.

"விற்பவருக்கும் விருப்பம், வாங்குபவருக்கும் விருப்பம், இடையில் நீர் யார்?" என்று சந்தை கேட்கிறது. இக்கேள்வியை நாம் தட்டிக்கழிக்கக் கூடாது. வாங்கும் நாட்டு வணிகருக்கு இலாபம் உண்டு. தொழிலாளிக்கு அன்றாடக் கூலி உண்டு. அந்தக் கூலியை நிறுத்திவிட்டு நல்லுபதேசம் மட்டும் செய்வது ஏழைக்கு உதவுவதாகாது. எனினும், ஒப்புதல் தருகிறவர் யார், சுமக்கிறவர் யார் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவர் இறக்குமதியாளர். கிணற்று நீரைக் குடிப்பவர் வேறொருவர். புகையை மூச்சில் வாங்கும் குழந்தையிடம் யாரும் ஒப்புதல் கேட்பதில்லை. பிறக்கப் போகும் குழந்தையிடம் கேட்கவும் முடியாது. பசித்தவன் தலையசைப்பதை முழு உடன்பாடு என்று கொள்வதும் நேர்மையாகாது. அவனுக்கு மற்றொரு வழி திறந்திருந்தும் இதைத் தேர்ந்தானா என்பதே கேள்வி.

கொங்கு நாட்டுக்குத் தெற்கே பழனி மலைத்தொடரில் நிகழ்ந்ததொன்று இதை விளக்கும். நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுன் நகரில் இருந்த பாதரச வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று, 1980களில் பெயர்த்தெடுக்கப்பட்டுக் கொடைக்கானலுக்கு வந்தது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வசமாயிற்று. செய்த வெப்பமானிகள் ஏற்றுமதியாயின. கழிவு இங்கேயே தங்கியது. 2001ஆம் ஆண்டு, பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி மூஞ்சிக்கல் பகுதியிலுள்ள பழைய பொருள் கிடங்கு ஒன்றில் கிடப்பதைச் சூழல் ஆர்வலர்களும் முன்னாள் தொழிலாளர்களும் வெளிப்படுத்தினர். ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிற்று. உடல்நலம் கெட்டதாக முறையிட்ட முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கு, 2016இல்தான் நிறுவனத்துடன் உடன்பாடு ஏற்பட்டது.

அந்தக் கிடங்குக்காரரும் காசு கொடுத்துத்தான் அக்கண்ணாடியை வாங்கியிருப்பார். விலை முறையாகவே தீர்ந்திருக்கும். ஆனால் தாம் எதை வாங்குகிறோம் என்ற அறிவு அவருக்கு விற்கப்படவில்லை. அறிந்தவர் அறியாதவரிடம் நஞ்சை விற்கும்போது, அங்கே கைமாறுவது பொருள் மட்டும். பொறுப்பு அறிந்தவரிடமே தங்கிவிடுகிறது. 290 டன் கழிவு கடல் கடந்து திரும்பியதன் உட்பொருளும் இதுவேயன்றோ?

இதுவரை நாம் இழைக்கப்பட்டவர் பக்கம் நின்று பேசினோம். அந்தப் பக்கம் நிற்பது மனத்துக்கு இதமாகவும் இருக்கிறது. இனி நம்மையே நோக்குவோம்.

கொள்கலனில் வராமலே ஒரு நாட்டுக் கழிவு மற்றொரு நாட்டில் வந்து தங்கும் வழியும் உண்டு. திருப்பூரிலிருந்து வெண்மையும் வண்ணமுமாக ஆடைகள் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்றன. அவற்றின் சாயநீர் நொய்யலில் சென்றது. வெள்ளியங்கிரி மலையில் தோன்றும் அந்த ஆறு, பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவாகத் தேங்கியது. அணை நிறைந்தால் மகிழ வேண்டிய உழவர்கள், தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம் என்று மன்றாடும் நிலை வந்தது. அயல்நாட்டுக் கடையில் மலிவு விலைக்குச் சட்டை வாங்கியவர் ஆற்றின் விலையைக் கொடுக்கவில்லை என்பது உண்மை. அதை வாங்கித் தராமலே இலாபம் கண்டவர்கள் நம்மவர்களே என்பதும் உண்மை. கீழ்மடையில் இருந்த உழவர்கள் நீதிமன்றப் படியேறினர். 2011ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரை அறவே வெளியேற்றாத நிலையை எட்டும்வரை சாய, சலவை ஆலைகளை மூட ஆணையிட்டது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலையிழந்து தவித்தனர். ஆற்றின் கடனை அடைக்கும் நாள் வந்தபோது, அதை முதலில் தம் வயிற்றால் அடைத்தவர்கள் அந்தக் கடனை வாங்காதவர்கள்.

ஆலைகள் பின்னர் சுத்திகரிப்பு முறைகளுடன் இயங்கத் தொடங்கின, அது பாராட்டுக்குரியது. ஆயினும் நீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பும் சேறும் இப்போது மூட்டை மூட்டையாகச் சேர்கின்றன. கழிவு மறையவில்லை, வடிவம் மாறியிருக்கிறது.

கோவை மாநகரின் கதையும் வேறன்று. நகரின் குப்பை நாள்தோறும் வெள்ளலூருக்குச் செல்கிறது. ஏறத்தாழ 650 ஏக்கர் பரப்புள்ள அக்கிடங்கு கோடையில் தீப்பற்றி எரிவதுண்டு. 2024 ஏப்ரலில் எரிந்த தீயை அணைக்கப் பல நாள் ஆயிற்று. வெள்ளலூரிலும் போத்தனூரிலும் வாழ்பவர்கள் அந்தப் புகையையும் ஈயையும் துர்நாற்றத்தையும் எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு ஏற்றுக்கொண்டார்கள்? நாம் வீட்டுவரி கட்டுகிறோம், குப்பை வண்டி வருகிறது, வாசல் தூய்மையாகிறது. செல்வ நாடு ஏழை நாட்டிடம் போடும் அதே கணக்கை, நகரம் தன் ஓரத்து ஊரிடம் போடுகிறது. தொலைவு மட்டுமே வேறுபாடு. 2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவமனைக் கழிவு திருநெல்வேலிச் சிற்றூர்களில் கொட்டப்பட்டபோது தமிழகமே கொதித்தெழுந்தது. பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணைப்படி அது திருப்பி எடுத்துச் செல்லப்பட்டது. அந்தக் கொதிப்பு நியாயமானது. அதில் ஒரு துளியேனும் வெள்ளலூருக்காகவும் நம்மிடம் இருந்திருக்க வேண்டும்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் திருமடல், செல்வ நாடுகள் தம் திடக் கழிவையும் நச்சு நீரையும் வளரும் நாடுகளுக்கு அனுப்புவதை வெளிப்படையாகவே கண்டிக்கிறது. நற்செய்தியில் வரும் செல்வரையும் இலாசரையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். இலாசர் அந்தச் செல்வரின் வாசலிலேயே கிடந்தார். வெளியே வரும்போதெல்லாம் அவரைத் தாண்டித்தான் செல்வர் நடக்க வேண்டியிருந்தது. இன்றைய ஏற்பாடு அதனினும் நுட்பமானது. வாசலையே கண்ணுக்கெட்டாத தொலைவுக்கு நகர்த்திவிட்டோம். இலாசர் கொனாயீவிலும் கொழும்பிலும் வெள்ளலூரிலும் கிடக்கிறார். நாமோ யாரையும் தாண்டாமலே நடக்கிறோம்.

அப்படியானால் செய்யத்தக்கது என்ன? கழிவைக் கைமாற்றுவதற்கு முன் மூன்று வினாக்களைக் கேட்டுப் பார்க்கலாம். இதில் என்ன இருக்கிறதென்று பெறுகிறவருக்கு உள்ளபடி சொன்னோமா? வேண்டாமென்று மறுக்க அவருக்கு உண்மையிலேயே வழி இருந்ததா? இதே பொருளை, இதே முறையில், நம் பிள்ளைகள் நீர் குடிக்கும் கிணற்றருகே வைக்க நாம் இசைவோமா? ஆட்டுப்பட்டி இம்மூன்றுக்கும் தயங்காமல் விடை சொல்லும். வகைபிரித்த பனியன் வேஸ்டும் பழைய இரும்பும் பெரும்பாலும் விடை சொல்லிவிடும். நஞ்சு கலந்த சாம்பலாலும், பாதரசம் படிந்த கண்ணாடியாலும், மட்கும் குப்பையும் மட்காக் குப்பையும் ஒன்றாய்க் கலந்து நாம் வாசலில் வைக்கும் பையாலும் விடை சொல்ல முடியாது.

கடைசியாகச் சொன்ன அந்தப் பை மட்டுமே முழுக்க நம் கையில் இருக்கிறது. உலக உடன்படிக்கைகளை நாம் திருத்த முடியாதிருக்கலாம். ஆனால் பிரித்து வைத்த குப்பையில் பாதி எருவாகும்; ஒரு பகுதி தொழிலாளி ஒருவருக்குக் கூலியாகும்; வெள்ளலூருக்குச் செல்வது அந்த அளவுக்குக் குறையும். குப்பை என்ற சொல்லுக்கு நம் முன்னோர் தந்த பழைய பொருளில் கொஞ்சமாவது மீளும்.