முகம் தெரியாதவருக்கு மஜ்ஜை கொடுக்கலாமா?



பசித்தவருக்குச் சோறு போடுவது தர்மம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் தன் உடம்பில் இருப்பதையே, அதுவும் முன்பின் அறியாத ஒருவருக்குக் கொடுக்கச் சொன்னால், மனம் தயங்குகிறது. அந்தத் தயக்கம் பாவமா?

கூரம் மண்ணுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. இவ்வூரில் பிறந்த கூரத்தாழ்வான், தம் குரு ராமானுஜருக்கு வந்த ஆபத்தைத் தாமே ஏற்று, குருவின் காவியை உடுத்திச் சோழ அரசன் சபைக்குப் போய்க் கண்களை இழந்தார் என்று வைணவப் பெரியோர் சொல்லி வருகிறார்கள். யாருக்காகக் கொடுக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் கொடுத்த கண், மறுபடி முளைப்பதும் அல்ல.

இன்று கேட்கப்படும் கொடை வேறு விதமானது. எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான் இரத்தம் ஊறும் இடம். இரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்ற நோய்களில் அந்த ஊற்றே கெடுகிறது. இன்னொருவரின் நல்ல அணுக்களை ஏற்றிப் பலரைக் காப்பாற்றுகிறார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1986 முதல் இச்சிகிச்சை நடக்கிறது. ஆனால் கொடுப்பவரின் திசு வகை நோயாளியோடு பொருந்த வேண்டும். உடன்பிறந்த ஒருவரிடம்கூட முழுப் பொருத்தம் அமைய நான்கில் ஒரு பங்கு வாய்ப்புதான். அமையாதவர்களுக்காக வெளியாரைத் தேடும் பதிவேடுகள் உண்டு. 2009இல் சென்னையில் தொடங்கிய தாத்ரி அவற்றில் ஒன்று.

பதிவு செய்வது எளிது. பதிவேடு வைத்துள்ள வயது வரம்புக்குட்பட்டவரின் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்துப் பரிசோதிப்பார்கள். பொருத்தம் வந்து அழைப்பு வந்தால், பெரும்பாலும் ஐந்து நாள் ஊசி போட்டு, கையிலிருந்து இரத்தத்தை இயந்திரம் வழியாக ஓட்டி, வேண்டிய அணுக்களை மட்டும் பிரித்தெடுப்பார்கள். சில மணி நேரம் ஆகும். உடல்வலி, தலைவலி வரலாம். சிலருக்கு மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து எடுப்பார்கள். முதுகுத்தண்டில் ஊசி குத்தி உறிஞ்சுவார்கள் என்பது வீண் பயம். கொடுத்த அணுக்கள் சில வாரங்களில் உடம்பில் திரும்ப ஊறிவிடும்.

ஆகவே வலியை விடப் பெரிய கேள்வி, சொன்ன சொல்லைப் பற்றியது. பதிவு செய்த பலருக்கு அழைப்பே வருவதில்லை. அதனால் முகாமில் நண்பர்கள் கொடுக்கிறார்கள் என்று தானும் கொடுத்துவிட்டு மறந்துபோகிறவர்கள் உண்டு. என்றோ ஒரு நாள் அழைப்பு வரும்போது வீட்டில் தாய் அழுகிறார், தந்தை தடுக்கிறார், பிள்ளை பின்வாங்குகிறான்.

எந்த நேரத்திலும் விலகக் கொடையாளருக்கு உரிமை உண்டு. கட்டாயப்படுத்தி வாங்கினால் அது தர்மம் ஆகாது. ஆனால் ஒன்றை அறிய வேண்டும். அணுக்களை ஏற்றுவதற்குச் சில நாட்களுக்கு முன்பே, கடும் மருந்தால் நோயாளியின் பழைய மஜ்ஜையை அழித்துவிடுவார்கள். அதன்பின் ஒருவர் மனம் மாறினால், அங்கே படுத்திருப்பவருக்குத் திரும்பிப் போகவும் வழியில்லை, முன்னே போகவும் வழியில்லை.

தொடக்கத்திலேயே "என்னால் இயலாது" என்று சொல்பவர் யாரையும் ஏமாற்றவில்லை. அவரைக் குறை சொல்வது நீதமாகாது. நோய் வந்து கொடுக்க முடியாமல் போனவர் மீதும் குற்றமில்லை. நம்பிக்கை கொடுத்துவிட்டு, பயத்தால் கடைசியில் கைவிடுவதுதான் மனதை உறுத்த வேண்டியது. எனவே தயங்க வேண்டிய இடம் தொடக்கம். குச்சியைக் கன்னத்தில் வைக்கும் முன்பே கேட்டு, வீட்டாரோடு பேசி, மருத்துவரிடம் பயத்தைச் சொல்லித் தெளிய வேண்டும்.

வயது வரம்பைக் கடந்த பெரியவர்கள் புதிதாகப் பதிய முடியாது. பிள்ளைகளைத் தடுக்காமல் இருப்பதும், "யோசித்துச் செய், செய்தால் பின்வாங்காதே" என்று சொல்வதும் அவர்களால் இயன்ற தர்மம்.

கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்று தொடக்கத்தில் இருவருக்கும் சொல்ல மாட்டார்கள். நன்றி கேட்க முடியாது, பெருமை பேச முடியாது, சாதி விசாரிக்க முடியாது. சுவாமித்தோப்பு முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரையும் ஒரே நீரில் குளிக்கச் செய்தார் அய்யா. மஜ்ஜை மாறியவர் உடம்பில் பிறகு ஊறுவது கொடுத்தவரின் இரத்த வகைதான். யாரோ ஒருவரின் ஊற்று இன்னொருவருக்குள் ஊறுகிறது. அதற்குச் சம்மதிக்கும் முன் நன்றாக யோசிப்போம். சம்மதித்தபின் சொல் மாறாமல் நிற்போம்.

அய்யா துணை.