சிதைத்த கையும் சீர்செய்யும் கையும்

கல்வி பரவப் பரவப் பகைமை குன்றும் என்பது நெடுங்காலமாக நிலவிவரும் நம்பிக்கையாகும். வரலாறு இதனை முழுமையாக ஏற்பதாயில்லை. 1933ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள் இரவு, பேர்லின் நகரச் சதுக்கமொன்றில் ஏறத்தாழ 20,000 நூல்கள் எரியூட்டப்பட்டன. யூதர் எழுதியவை, நாஸிக் கொள்கைக்கு ஒவ்வாதோர் எழுதியவை எனத் தெரிந்தெடுத்து அவற்றைத் தீயிலிட முன்னின்றோர் எழுத்தறியாப் பாமரர் அல்லர்; ஜேர்மனியப் பல்கலைக்கழக மாணவர் அமைப்பினரே. ஐந்தாண்டுகள் கழித்து, 1938 நவம்பரில், யூதரின் தொழுகைக்கூடங்கள் நாடெங்கும் கொளுத்தப்பட்டன. அதே மாதத்தில் யூதச் சிறுவர் அரசாங்கப் பாடசாலைகளிலிருந்து விலக்கப்பட்டனர். வகுப்பறையில் ஓர் இடம் வெறுமையாயிற்று. ஏனையோர் பாடத்தைத் தொடர்ந்தனர்.

அறிவு மட்டும் பகைமைக்கு மருந்தாகாதெனின், கல்விச் சமூகமொன்று வெறுப்பினால் விளையும் சிதைப்பினை எவ்வாறு எதிர்கொள்ளல் வேண்டும்? மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வாழ்வோருக்கு இவ்வினா அயல்நாட்டு வினா அன்று.

2012ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மட்டக்களப்பு நகரில் நான்கு சிலைகள் சேதப்படுத்தப்பட்டன. மகாத்மா காந்தி, சுவாமி விபுலானந்தர், சாரணர் இயக்கத்தை நிறுவிய பேடன் பவல், புலவர்மணி பெரியதம்பிப்பிள்ளை ஆகியோரின் சிலைகளே அவை. செய்தோர் யாவர், அவர் கருதியது யாது என்பன சட்டத்துக்குரிய வினாக்கள். அறவியல் நோக்கில் கருதத்தக்கது வேறொன்று. நாட்டாலும் சமயத்தாலும் வேறுபட்ட இந்நால்வரும் மாணாக்கர் உலகுக்கு உரியோர். காரைதீவிற் பிறந்த விபுலானந்தர் கத்தோலிக்கரின் புனித மிக்கேல் கல்லூரியிற் பயின்றவர். 1924இல் இந்துத் துறவியானவர். கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியவர். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவர். ஒரு சமயத்தார் ஊட்டிய கல்வி மற்றொரு சமயத் துறவியின் வழியே ஊர்ப்பிள்ளைகளைச் சென்றடைந்தது. அத்தகைய மரபொன்றின் அடையாளத்தின் மீதே அடி விழுந்தது.

பாடசாலைச் சாளரத்தின் கண்ணாடி உடைவதும் ஒருவர் போற்றும் சிலையோ கல்லறையோ தொழுகையிடமோ சிதைக்கப்படுவதும் ஒன்றல்ல. முன்னையது பொருளிழப்பு, புதுக்கண்ணாடி பொருத்தியதும் அது தீர்ந்துவிடும். பின்னையது ஒரு கூற்று. “உமக்கும் உம்மவர்க்கும் இங்கு இடமில்லை” என்பதே அதன் பொருள். சுவரில் எழுதப்படும் இழிசொல்லும் இத்தகையதே. சுண்ணாம்பு பூசினால் எழுத்து மறையும், கூற்று மறையாது. கூற்றுக்கு மறுமொழி வேண்டும்.

மறுமொழி வேண்டாம், பேசப் பேசப் பகை பெருகும் என வாதிப்போர் உளர். இவ்வாதம் முற்றிலும் பொருளற்றதன்று. வதந்தியினால் மூண்ட கலவரங்கள் இந்நாட்டிற் பல. ஆயினும் மௌனம் இருவர் செவியில் இருவேறாக ஒலிக்கின்றது. சிதைத்தவன் அதனை இசைவெனக் கொள்கின்றான்; இழிவுற்றவன் அதனைக் கைவிடலெனக் கொள்கின்றான். வதந்தியை அடக்குவது வேறு, நீதியை அடக்குவது வேறு.

தண்டனையே போதுமான மறுமொழி என்பாரும் உளர். தண்டனை இன்றியமையாததே. ஆயின் குற்றவாளியைக் காணத் தவறுமிடத்தும், கண்டும் சினம் ஆறாதவிடத்தும், மாந்தர் ஓர் இனம் முழுவதையுமே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகின்றனர். 2019 ஏப்ரல் 21ஆம் நாள் உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திற் குண்டு வெடித்தது. ஞாயிறு பாடசாலைக்கு வந்திருந்த சிறுவர் பலர் மாண்டனர். அடுத்த மாதம் வடமேல் மாகாணத்தில் அக்கொடுமையோடு யாதொரு தொடர்புமற்ற முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஒருவர் செய்த தீமைக்கு அவர் இனத்தார் அனைவரையும் பொறுப்பாக்குதல் யூத எதிர்ப்பின் அடிப்படைத் தருக்கமாகும். பெயர் மாறினும் தருக்கம் மாறுவதில்லை.

ஈண்டு வலிமை மிக்க ஒரு மறுப்பு எழும். “எம் புண்ணே ஆறாதபோது பிறர் புண்ணுக்கு மருந்திடச் சொல்வது முறையோ?” 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 1990 செப்டெம்பர் 5இல் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தோருள் 158 பேர் படையினராற் கொண்டுசெல்லப்பட்டனர், அவர்கள் மீளவில்லை. இவை தமிழரின் ஆறாப் புண்கள். ஆயின் அதற்கு ஒரு மாதம் முன்னரே, ஓகஸ்ட் 3இல், காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். இரு துயரையும் தராசிலிட்டு நிறுப்பதால் எவர் புண்ணும் ஆறாது. நூலகம் எரிந்த வேதனையை உணர்ந்தவன், பிறர் பள்ளிவாசல் இடிபடுகையில் அதே வேதனையை அடையாளங்காண வேண்டும். காணானாயின், அவன் காத்துவருவது நினைவையன்று, வெறும் கணக்கையே.

தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போன்றோர் என்பது மட்டக்களப்பாரின் வழக்கு. இவ்வுவமையில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. குழலில் அவை அடுக்கடுக்காய்த் தனித்தே இருக்கின்றன. ஆரையம்பதிச் சிறுவனும் காத்தான்குடிச் சிறுவனும் அடுத்தடுத்த ஊரினர். ஒரே மொழியில் ஒரே பாடநூலைக் கற்போர். ஆயினும் ஒருவன் தமிழ்ப் பாடசாலையிலும் மற்றவன் முஸ்லிம் பாடசாலையிலும் பயில்வதே பெருவழக்கு. பலருக்குப் பல்கலைக்கழகமே முதற் சந்திப்பிடமாகின்றது. தன்னவர் மட்டுமே நிறைந்த வகுப்பறையிற் பிறரைக் குறித்த இழிசொல் எழும்போது, அதனால் முகம் வாடுவோர் அங்கு எவருமிலர். முகம் வாடுவோர் இல்லாமையால் அது வேடிக்கையாகிவிடுகின்றது, வேடிக்கை பழக்கமாகின்றது, பழக்கம் ஒருநாட் கல்லை எடுக்கின்றது.

ஆதலின், கல்விச் சமூகத்தின் கடமை சிலை உடைந்த பின்னரன்றி அவ்விழிசொல் எழுந்த கணத்திலேயே தொடங்குகின்றது. அக்கடமை முதலில் யாரைச் சாரும்? இழிவுற்றவரையன்று, அவ்விழிவு தம்மைத் தீண்டாதோரையே சாரும். தாக்கப்பட்டவர் தம் சுவரைத் தாமே கழுவிக்கொள்வாராயின் சுவர் மட்டுமே தூய்மையடையும். அயலார் வந்து கழுவுவாராயின், “உமக்கும் இங்கு இடமுண்டு” என்னும் மறுமொழி அச்செயலிலேயே அடங்கும். அதிபரும் ஆசிரியரும் மாணாக்கரை இதற்குப் பழக்குதல் வேண்டும். நடந்ததை மறைக்காது உரைத்தல், குற்றத்தைச் செய்தவனோடு நிறுத்துதல், சிதைந்ததைச் சீர்செய்ய மற்றவரை முன்னிறுத்துதல் ஆகிய மூன்றும் ஒருங்கே நிகழுமாயின், கல்வி பகைமையைக் குறைக்கும் என்னும் பழைய நம்பிக்கை அவ்விடத்திலேனும் மெய்யாகும்.