வாசலுக்கு வராதவர்கள்

பொழுது சாயும் நேரத்தில் ஊராட்சி வார்டு உறுப்பினர் வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நிற்கிறது. இறங்குபவர் கையில் ஒரு கோப்பு. வழிகாட்டிக் கூட்டிவந்தவர் உள்ளூர்க்காரர், உறவுமுறைக்காரர். "மாமா, ஊருக்கு நல்லதுதான். நீங்க ஒரு வார்த்தை சொன்னா மத்த மெம்பர்களும் சரிம்பாங்க" என்கிறார். மறுநாள் காலை அதே திண்ணையில் விவசாய சங்கத்தார் வந்து உட்கார்கிறார்கள். "எந்தத் தீர்மானத்துலயும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுடாதீங்க" என்பது அவர்கள் பேச்சு. காற்றாலைக்கும் சூரிய மின் பூங்காவுக்கும் நிலம் தேடப்படும் ஊர்களில் இப்படிப்பட்ட வருகைகள் வாடிக்கை. இரண்டுமே வேண்டுகோள்கள்தாம். இவற்றில் எது முறை, எது முறைகேடு?

கேட்பது தவறில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 1992-இல் நிறைவேறிய 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சிகளுக்கு உயிர் கொடுத்ததே, மக்கள் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் ஆட்சி இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். வார்டு உறுப்பினர் மின்பொறியாளரும் அல்லர், நீரியல் வல்லுநரும் அல்லர். உயர் மின்கோபுரம் வயலின் நடுவே நின்றால் உழவு எப்படித் தடைப்படும் என்பதை உழவர் சொல்லித்தான் அவர் அறிய முடியும். எத்தனை ஏக்கர் தேவை, எத்தனை ஆண்டுக் குத்தகை என்பதை நிறுவனம் சொல்லியாக வேண்டும். யாரும் வந்து பேசக் கூடாது என்று கதவைச் சாத்தினால், உறுப்பினர் எதுவும் தெரியாமலே கை தூக்குவார்.

கையூட்டு பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. ஊழல் தடுப்புச் சட்டம் 1988-லேயே வந்துவிட்டது. 2018 திருத்தத்துக்குப் பின் கொடுப்பவரும் குற்றவாளி. சட்டத்தின் கை எட்டாத செல்வாக்குதான் சிக்கலானது. நிறுவனம் யார் பையிலும் பணம் வைப்பதில்லை. கோயில் கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை தருகிறது, பள்ளிக்குச் சுற்றுச்சுவர் எழுப்புகிறது, தெருவுக்கு ஆழ்துளைக் கிணறு போட்டுத் தருகிறது. ஊருக்குக் கிடைத்ததை லஞ்சம் என்று எப்படிச் சொல்வது?

இங்கே நிதானமாகப் பார்க்க வேண்டும். கோயிலும் சுவரும் ஊர் முழுமைக்கும் பொது. திட்டத்தால் வரும் இழப்போ நாலைந்து குடும்பங்களின் தலையில் மட்டும் விழுகிறது. பலருக்குக் கொடுத்துச் சிலரின் வாயை அடைக்கும் ஏற்பாடு அது. அதே தொகை, திட்டத்தின் விலையாகக் கிராம சபையில் வெளிப்படையாகப் பேசி எழுதப்பட்டால் அதற்கு நியாயம் உண்டு. வாக்கெடுப்புக்கு முன்பே, காரணம் சொல்லாமல் கொடுக்கப்படும்போது அது ஊரின் நன்றியுணர்வை விலைக்கு வாங்குகிறது.

எதிர்த்தரப்புக்கும் இதே அளவுகோல் பொருந்தும். 2017 பிப்ரவரியில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் மக்கள் நாடியம்மன் கோயில் திடலில் திரண்டு அமர்ந்தார்கள். யார் என்ன கேட்கிறார்கள் என்பது ஊரறிய, நாடறியத் தெரிந்தது. அந்த வெளிப்படைத்தன்மைதான் அவர்கள் கோரிக்கையின் பலம். ஆனால், "கையெழுத்துப் போட்டால் உன் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒருவரும் வரமாட்டோம்" என்று ஓர் உறுப்பினரை ஊர் மிரட்டினால், நிலத்தைக் காக்கும் நோக்கம் அந்த மிரட்டலைத் தூய்மையாக்கிவிடாது. பெண் உறுப்பினர் வீட்டுக்குள் இருக்க, அவர் கணவரிடம் பேசி முடித்துவிட்டுப் போவதும் அப்படித்தான். தேர்ந்தெடுக்கப்பட்டவரின் மனச்சாட்சியைச் சுற்றிக்கொண்டு போகும் குறுக்குவழி அது.

செல்வாக்கின் ஆபத்தை நம் ஊர்கள் வெகுகாலம் முன்பே உணர்ந்திருந்தன. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921), வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரை மட்டுமன்றி அவருடைய உறவினரையும் குடவோலைத் தேர்வுக்குத் தகுதியற்றவர்கள் என்றன. திண்ணையில் "மாமா" என்று ஒலிக்கும் குரலின் வலிமை அந்த ஊராருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அதே கல்வெட்டு, வரி செலுத்தும் நிலம் கால்வேலியாவது உள்ளவரையே பொதுவாகத் தகுதியுள்ளவராக ஏற்றது. உறவின் செல்வாக்குக்கு வேலி போட்டவர்கள், நிலமற்றவருக்கும் சேர்த்தே வேலி போட்டார்கள்.

இன்று சட்டத்தில் அந்த வேலி இல்லை. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எவரும் கிராம சபை உறுப்பினர். நடைமுறையில் வேலி இருக்கிறது. இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் எழுந்தது. கரியில்லாத மின்சாரம் நாட்டுக்குத் தேவை, அதில் ஐயமில்லை. ஆனால் இத்தகைய வானம் பார்த்த பூமியில் ஒரு தரிசுக்குப் பட்டா ஒருவர் பெயரில் இருக்கும். அதில் ஆடு மேய்ப்பவர் வேறொருவராக இருப்பார். விற்றவருக்குப் பணம் வரும். வேலி எழுந்த பிறகு மேய்ச்சல் இழந்தவருக்கு எதுவும் வராது. அவர் பெயர் எந்தக் கோப்பிலும் இல்லை. மே 1 கிராம சபை கூடும்போது ஆடு மேய்க்கும் கீதாரிகள் பலர் ஊரிலேயே இருப்பதில்லை. அறுவடை முடிந்த தஞ்சை வயல்களில் கிடை போட்டிருப்பார்கள். அவர்கள் சார்பில் யாரும் கார் எடுத்துக்கொண்டு வரமாட்டார்கள், சங்கமும் வராது.

வராதவர்களின் குரல் காலம் தாழ்ந்து எழுந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பாலக்காடு மாவட்டத்துப் பெருமாட்டி ஊராட்சி சாட்சி. பிளாச்சிமடாவில் கொக்க கோலா ஆலைக்கு 2000-இல் உரிமம் வழங்கியது அந்த ஊராட்சிதான். கிணற்று நீர் கெட்டுப்போனதாகச் சொல்லி 2002 ஏப்ரலில் ஆதிவாசிகள் ஆலை வாசலில் அமர்ந்தார்கள். முன்னணியில் நின்றவர்கள், தண்ணீர் சுமக்கும் பெண்கள். மறு ஆண்டு அதே ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. தன் முடிவைத் திருத்திக்கொண்டதற்காக அந்த ஊராட்சியைப் பாராட்ட வேண்டும். அந்தப் பெண்கள் ஆலை வாசலுக்குப் போகும் முன்பே ஊராட்சி அவர்கள் வாசலுக்குப் போயிருந்தால், இத்தனை ஆண்டு வழக்கும் வேதனையும் வேண்டியிருந்திருக்காது.

ஆகவே உறுப்பினரின் கடமை, வந்தவர்களிடம் நேர்மையாக நடந்துகொள்வதோடு முடிவதில்லை. யார் வந்தார், என்ன கேட்டார், எதைத் தருவதாகச் சொன்னார் என்பதை அவர் கிராம சபையில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அங்கே சொல்லக் கூசும் வேண்டுகோளைத் திண்ணையிலும் ஏற்கக் கூடாது. அடுத்து, திட்டத்தால் பாதிக்கப்படுவோர் யார் யார் என்று தானே பட்டியல் எடுத்து, வராதவரைத் தேடிப் போக வேண்டும். தீர்மானப் புத்தகத்தை நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்குக் கொண்டுபோய், என்னவென்று சொல்லாமல் கையெழுத்து வாங்குவதும் உண்டு. அது அவர்களைக் கேட்டதாகாது.

கிடை முடிந்து கீதாரி ஊர் திரும்பச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை தீர்மானம் காத்திருக்கட்டும். சூரியன் எங்கும் போய்விடாது.