உடம்பென்னும் உபகாரம்

மனச்சாந்தியை நாடுவோர் உடம்பைப் பாரமென்றும் பகையென்றும் கருதுவது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் ஓர் எண்ணம்; ஆயினும், தம் உடம்பை வெறுப்பதற்குச் சகல காரணங்களும் வாய்க்கப்பெற்ற ஒருவர், அதனை வெறாமல் போற்றினார் என்பதைக் கரிசற் பூமியாகிய ஓட்டப்பிடாரம் நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

1872-இல் அவ்வூரில் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை, 1908-இல் ராஜத்துரோக வழக்கில் தண்டனை பெற்று, கோயம்புத்தூர்ச் சிறையில் சணல் கிழிக்கும் இயந்திரத்தைச் சுற்றினார்; உள்ளங்கைத் தோல் உரிந்து இரத்தம் கசியவே, அவ்வேலையினின்று மாற்றப்பட்டு, கொளுத்தும் வெயிலில் மாட்டுக்குப் பதிலாக எண்ணெய்ச் செக்கை இழுத்தார். மனமே வாழ்வை வகுக்கிறது என்னும் ஜேம்ஸ் ஆலனின் நூலை ‘மனம்போல வாழ்வு’ என்று மொழிபெயர்த்தவரும் அவரே. அத்தகையவர் சிறைவாசத்தில் இயற்றிய ‘மெய்யறிவு’ என்னும் செய்யுள் நூலில், ‘உடம்பை வளர்த்தல்’ என்ற அதிகாரத்தை முன்னும், ‘மனத்தை ஆளுதல்’ என்பதை அதன் பின்னும் வைத்தார்.

இவ்வரிசை தற்செயலானதன்று என்பது என் துணிபு. அவர் பயின்று உரையெழுதிய சைவ சித்தாந்தம், தனு (உடம்பு), கரணம் (மனம் முதலிய கருவிகள்), புவனம் (உலகம்), போகம் (நுகர்வு) என்னும் நான்கையும் ஆன்மாவுக்கு இறைவன் அளித்த உபகாரங்களாகவே கொள்கிறது. அவற்றுள் முதலாவது உடம்பு, அதன் பின்னரே மனம் முதலிய கருவிகள். ஆணவ இருளில் கிடக்கும் உயிருக்கு, ஞானசூரியன் உதிக்கும் வரையில் கைவிளக்காக நின்று உதவுவது இவ்வுடம்பே.

அனுபவமும் இதற்குச் சாட்சி. கோபம் வந்ததென்று மனம் ஒப்புக்கொள்ளுமுன் தாடை இறுகிவிடுகிறது. துக்கத்தை வாய் மறைத்தாலும் நெஞ்சு அடைக்கிறது. அச்சத்தில் மூச்சு மேலெழுந்து குறுகுகிறது. அவ்வேளையில் மனத்தோடு வாதாடுவதை விடுத்து, இறுகிய இடத்தில் கவனத்தை நிறுத்தி, மூச்சை மெல்ல நீளவிட்டு, தரையில் பதிந்த பாதங்களை உணர்ந்து சற்றே நிற்பவனுக்கு, உணர்ச்சி தன்னை ஆட்டிவைப்பது குறைந்து, அதனைத் தான் காணும் நிலை கைகூடுகிறது. நாள் முழுதும் பருத்தி எடுத்து, காய்ந்த காயின் முனைகள் கீறிய விரல்களை நீட்டி மடக்கி, ‘அப்பாடா’ என்று வரப்பில் அமரும் பெண்ணுக்கு இதனை ஒரு சாஸ்திரமும் கற்பிக்கவில்லை.

ஆனால் உடம்பைக் கவனித்தல் என்பது, அதன்மேல் சுமத்தப்படும் அநீதியைப் பொறுத்துக்கொள்ளும் பயிற்சியாகிவிடலாகாது. சிறை புகுமுன், அதே 1908-இல், தூத்துக்குடிக் கோரல் மில் தொழிலாளர் கூலி உயர்வும் வார விடுமுறையும் வேண்டி நடத்திய வேலைநிறுத்தத்துக்கு வ. உ. சி. தலைமை பூண்டார்; ஓய்வின்றித் தேய்ந்த உடம்பில் அமைதியான மனம் குடியிருக்க இயலாது என்ற உண்மை அக்கோரிக்கையில் அடங்கியிருந்தது. தன் மூச்சின் மெலிவை அறியக் கற்றவன், தன்னிடம் கூலிக்கு உழைப்பவரின் களைப்பையும் அறிந்து, அவருக்கு உரிய ஓய்வையும் உணவையும் அளிக்கும்போதுதான் அவ்வறிவு அறமாகிறது. அதுவரையில் அது சுகம் தேடும் உபாயமேயன்றி வேறில்லை.