அய்யனார் வாசலில் ஒரு சோதனைச் சாவடி

ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் நீர்காத்த அய்யனார் கோயில். பகலில் போய்ப் பொழுது சாயுமுன் திரும்பிவிட வேண்டிய காடு. வனத்துறைச் சாவடியில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பையைத் திறந்து பார்ப்பார்கள். போன முறை எனக்கு முன்னால் நின்றவர், "சாமி கும்பிடப் போறவனை மறிக்க நீங்க யாருங்க?" என்று சத்தம் போட்டார்.

நியாயமான கேள்விதான். ஆனால் அய்யனாரே காவல்காரர். அவர் காக்கும் காட்டைக் குலைத்துவிட்டு அவருக்கே பொங்கல் வைத்தால் அது எப்படி அவரைச் சேரும்? அந்த மலைத் தண்ணீரை ஊரும் குடிக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் செண்பகத்தோப்பில் பெருமாளும் காட்டழகராகக் காட்டுக்குள்தான் இருக்கிறார். அங்கே ஆற்றோரப் புளியமரத்தடியில் அண்ணாந்து பாருங்கள். நீண்ட வாலைத் தொங்கவிட்டபடி சாம்பல் நிற அணில் காயைக் கடிக்கும். ஓட்டுத் துணுக்கு நம் தலையில் விழும். கிளைக்குக் கிளை தாவியே பிழைக்கிற உயிர் அது. நடுவில் நாலு மரம் போனால் அதன் பாதையே போச்சு. அதற்காகத்தான் 1988ல் சரணாலயம் வந்தது. 2021ல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமும் ஆனது.

தரிசனம் என்பது சாமியைப் பார்ப்பது மட்டும்தானா? அவர் குடியிருக்கும் இடத்தைப் பார்ப்பதும் அதில் சேர்த்திதான் என்பேன். (இதைச் சொன்னால் என் மதினி, "நாத்திகம் பேசாதீங்க" என்பார்.)

அடுத்த தடவை விளக்கெண்ணெயைத் தூக்குச்சட்டியில் கொண்டுபோங்கள். கற்பூர உறையை வீட்டிலேயே பிரித்துப் போட்டுவிடுங்கள்.