வேலைக்காரன்தானா குற்றவாளி?

உடப்புசல்லாவைப் பக்கம் மழை பிடித்துக்கொண்டால், லயத்திலே ஒரு மர்ம நாவல் எத்தனை காம்பராவுக்குக் கைமாறுகிறது! அதைக் குறைசொல்ல வரவில்லை. நல்ல பொழுதுபோக்குத்தான். கடைசி அத்தியாயத்துத் திடீர்த் திருப்பங்களைப் பற்றித்தான் பேச்சு. உருவொற்றுமையுள்ள இரட்டையர், இறந்தவர் உயிரோடு திரும்புதல், யாவும் கனவென முடிதல் - இவை சலிப்பூட்டும், யாரையும் நோகடிக்கமாட்டா. ஆனால், வீட்டு வேலைக்காரனே குற்றவாளி என்ற முடிவும் அத்தகையதா?

1928இல் அமெரிக்க எழுத்தாளர் எஸ். எஸ். வான் டைன் துப்பறியும் கதைக்கு 20 விதிகள் எழுதினார். வேலைக்காரரைக் குற்றவாளி ஆக்கலாகாது என்பது அவற்றில் ஒன்று. காரணம் இரக்கமன்று. அது மிகச் சுலபமான முடிவாம். குற்றவாளி ஒரு 'பெறுமதியான' ஆளாக இருக்கவேண்டுமாம்! மறு ஆண்டு, ரொனால்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலக் கத்தோலிக்கக் குருவானவர் 10 விதிகள் வகுத்தார். இரட்டையர் வருவதாயின் வாசகரை முன்கூட்டியே ஆயத்தப்படுத்தவேண்டும் என்றார். கதையில் சீனர் வரலாகாது என்றும் விதித்தார். அக்கால மலிவுக் கதைகளில் சீனரே ஓயாமல் வில்லனாக வந்ததே காரணம். இருவரும் கதையின் சுவையைக் காத்தார்கள். பழி சுமக்கும் மனிதரை யார் காப்பது?

கதைதானே என்பீர்கள். நம் மலைநாட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் கொழும்பு வீடுகளில் வேலைக்கு நின்றிருக்கிறார்கள்! சங்கிலி ஒன்று காணாமற்போனால் முதலில் யாருடைய பெட்டி திறக்கப்படுகிறது? அந்தச் சந்தேகத்தைக் கதை உண்டாக்கவில்லை. அது முன்னமே இருந்தது. ஆனால், "நீ நினைத்தது சரிதான்" என்று கதை அதற்குச் சாட்சி சொல்கிறது.

அப்படியானால் ஏழை குற்றமே செய்யமாட்டானா? செய்வான். செஸ்டர்ட்டன் 1911இல் வெளியிட்ட முதலாவது பாதர் பிரவுண் தொகுதியில் ஒரு கதை உண்டு. (முடிவைச் சொல்லிவிடுகிறேன், நூறாண்டு கடந்துவிட்டது.) வாசலைக் காவல் காத்த நால்வரும் ஒருவரும் உள்ளே போகவில்லை என்று சத்தியம் செய்கிறார்கள். போனவன் தபால்காரன். அவர்களுக்கு அவன் 'ஒருவன்' அல்லன்! கொலைகாரன் அவனே. ஆயினும் அவனுடைய காதலும் அவமானமும் கதையின் தொடக்கத்திலேயே சொல்லப்படுகின்றன. குற்றத்துக்கு முன்னரே அவன் மனிதனாக நமக்கு அறிமுகமாகிறான். மற்றக் கதைகளில் தேநீர்க் கோப்பையோடு வரும் வேலைக்காரனுக்கு ஊருமில்லை, தாயுமில்லை. கடைசிப் பக்கத்தில் விலங்கு மட்டும் உண்டு.

காணாமற்போன சங்கிலி அலுமாரிக்குப் பின்னால் கிடைப்பதுமுண்டு. பிள்ளையை வீட்டுக்கு அனுப்பியபின் கிடைத்தால், அச்செய்தியை லயத்துக்கு எழுதி அனுப்புகிறவர் எத்தனை பேர்?